தனியாகக் குஞ்சு வளர்க்கும் சதுப்புக் குருவி



"தனி மனுசியாய் நின்று பிள்ளைகளை ஆளாக்கிப்போட்டாள்." எமது கிராமங்களில் இந்தப் பாராட்டை அடிக்கடி கேட்கிறோம். சங்கக் கூட்டத்திலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், கோயில் வீதியிலும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் எதை வைத்து ஆளாக்கினாள், தண்ணீர் எங்கிருந்து எடுத்தாள், அடுப்பில் என்ன வெந்தது, குடியிருக்கும் காணி யாருடைய பேரில் இருக்கிறது என்று தொடர்ந்து கேட்பவர்கள் குறைவு.

இம்மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு சிறு குருவியைப் பற்றி எழுதுகிறேன். அது எமது நாட்டுக் குருவி அல்ல. கிழக்கு ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் கூடு கட்டி, மேற்கு ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கின்ற பறவை. இந்த இனத்தில் கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை தேடி ஊட்டுவது எல்லாமே தாய் ஒருத்தியின் வேலை. அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதை ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம், மேலே நான் எழுதிய கேள்விகளுக்கு மிகவும் கிட்டவாக இருக்கிறது. ஆகவேதான் இதைத் தெரிவு செய்தேன்.

பெயரும் உருவமும்

இந்தக் குருவியை ஆங்கிலத்தில் 'அக்குவாட்டிக் வார்ப்ளர்' என்கிறார்கள். வார்ப்ளர் எனும் வகைக் குருவிகளைத் தமிழில் கதிர்க்குருவி என்பது வழக்கம். எனவே நாம் இதனை நீர்க்கதிர்க்குருவி என்று அழைப்போம். விஞ்ஞானப் பெயரில் 'பாலுடிகோலா' என்று ஒரு சொல் வருகிறது. சதுப்பில் குடியிருப்பது என்பது அதன் பொருள்.

தலை முதல் வால் வரை 13 சென்ரிமீற்றர். நிறை ஏறக்குறைய 12 கிராம். மூன்று தேக்கரண்டி சீனியைக் கையில் எடுத்தால் எவ்வளவு பாரமோ அவ்வளவுதான். உடல் மங்கலான மஞ்சள் கலந்த மண்ணிறம். முதுகில் கறுப்புக் கோடுகள். உச்சந்தலையின் நடுவே வகிடு எடுத்தது போல ஒரு வெளிர்நிறக் கோடு ஓடும். இந்த வகிட்டை வைத்தே இதனை ஏனைய சதுப்புக் குருவிகளிலிருந்து பிரித்தறிகிறார்கள். காய்ந்த கோரைக்குள் இருந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

எமது நாட்டிலும் இதற்கு உறவுக்காரர் உண்டு. ஒன்று, குளக்கரை நாணலுக்குள்ளிருந்து உரத்துச் சத்தமிடும் ஒரு கதிர்க்குருவி. அது இங்கேயே குடியிருப்பது. மற்றொன்று, மாரி காலத்தில் வடக்கேயுள்ள தூர நாடுகளிலிருந்து வந்து, வேலியோரப் பற்றைகளுக்குள் 'செக், செக்' என்று ஒலியெழுப்பித் திரியும் மண்ணிறக் குருவி. எங்கள் வளவுகளுக்கும் அது வருகிறது. நாம் பெயர் கேட்காமல் விட்டிருப்போம்.

கணுக்கால் அளவு தண்ணீர்

நீர்க்கதிர்க்குருவி எல்லாச் சதுப்பிலும் வாழாது. ஆழமான குளம் அதற்கு ஆகாது. உயர்ந்த நாணற்காடும் ஆகாது. மரமும் பற்றையும் அடர்ந்த இடமும் ஆகாது. அதற்கு வேண்டியது கோரை இனப் புற்கள் பரந்து வளர்ந்த திறந்த வெளி. அந்தக் கோரையின் அடியில் ஒரு சென்ரிமீற்றர் முதல் பத்து சென்ரிமீற்றர் வரை தண்ணீர் நிற்க வேண்டும். ஒருவர் நடந்தால் கணுக்கால் நனையும் அளவு.

தண்ணீர் கூடிவிட்டால் கூடு மூழ்கிப்போகும். ஏனெனில் கூடு மரத்தில் இல்லை. கோரைக் கற்றையின் அடியில், தரையை ஒட்டி, காய்ந்த கோரை கூரை போலக் கவிந்திருக்கும் இடத்தில்தான் கட்டப்படுகிறது. தண்ணீர் வற்றிவிட்டால் நரி போன்ற பிராணிகள் கால் நனையாமல் உள்ளே வந்துவிடும். பூச்சிகளும் குறைந்துவிடும். சில வருடங்களில் பற்றைகள் முளைத்து வெளியே மூடிவிடும். ஆக, இந்தக் குருவியின் வாழ்வு சில விரற்கடை தண்ணீரில் தங்கியிருக்கிறது.

பாய் இழைப்பதற்குப் பன்னும் கோரையும் எடுக்கப் போகும் சகோதரிகளுக்கு இதை விளங்கிக்கொள்வது இலகு. எந்த ஆழத்தில் எந்தப் புல் வரும், எந்த வருடம் நீளமாக வரும், குளம் வற்றினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட நிலங்கள் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி வரை பரவியிருந்தன. இந்தக் குருவியும் அங்கெல்லாம் கூடு கட்டியது. இன்று பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் அது கூடு கட்டுவதில்லை. எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை பெலாரஸ், உக்ரைன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் வாழ்கின்றன. லித்துவேனியாவில் ஒரு சிறு தொகை உண்டு. ஐரோப்பியப் பெருநிலத்தில் கூடு கட்டும் பாடும் பறவைகளுள் மிகவும் அருகிப்போன இனங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தாயின் வேலை நாள்

சித்திரை கடைசியிலும் வைகாசியிலும் குருவிகள் ஆபிரிக்காவிலிருந்து வந்து சேரும். ஆண் குருவிகள் மாலையில், சூரியன் மறையும் நேரத்தில், கோரைக்கு மேலே சிறிது எழும்பிப் பறந்து பாடும். ஆண் பறவைக்கென்று காவல் காக்கும் எல்லை எதுவும் இல்லை. கூடு கட்டவும் அது வராது. அடைகாக்கவும் வராது. குஞ்சுக்கு ஒரு புழுவும் கொண்டுவந்து கொடுக்காது. பறவைகளில் பல இனங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குஞ்சு வளர்க்கும். இந்தக் குருவிக்கு வழக்கம் வேறு. அதை மனித முறையில் வைத்து நல்லது கெட்டது சொல்ல வேண்டியதில்லை.

தாய் நான்கு முதல் ஆறு முட்டை இடுவாள். ஏறக்குறைய இரண்டு கிழமை தனியே அடைகாப்பாள். பசித்தால் முட்டைகளை விட்டு எழுந்து போய், தான் தின்று, திரும்பி வந்து மறுபடி அமர வேண்டும். மாற்றாள் கிடையாது. குஞ்சு பொரித்த பின்பு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் விடிந்தது முதல் இருட்டும் வரை இரை கொண்டுவருவாள். குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறிய பின்பும் சில நாட்கள் அவளே ஊட்டுவாள். காலம் இடம் கொடுத்தால் அதே கோடையில் இரண்டாவது முறையும் முட்டையிடுகிறவர்கள் உண்டு.

இத்தனையையும் 12 கிராம் உடலோடு ஒருத்தி எப்படிச் செய்கிறாள்? ஆய்வாளர்கள் அவளுடைய துணிச்சலை அளக்கவில்லை. அவள் கொண்டுவரும் இரையை அளந்தார்கள். அங்கேதான் விடை கிடைத்தது.

சாப்பாட்டில் இருக்கும் விடை

இந்தக் குருவி பொறுக்குவது பெரிய இரை. கொழுத்த சிலந்திகள், அந்துப்பூச்சிகளின் புழுக்கள், தத்துவெட்டிகள், தும்பிகள், பெரிய ஈக்கள், நீரில் வளர்ந்து பின் பறக்கும் பூச்சிகள் என்பன அதன் உணவு. இதன் உறவுக்காரக் குருவி ஒன்று அழுக்கணவன் போன்ற மிகச் சிறிய பூச்சிகளை நூற்றுக்கணக்கில் தின்று வயிறு நிரப்பும். நீர்க்கதிர்க்குருவிக்கு அது வழியல்ல. ஒரு முறை போனால் ஒரு நல்ல இரையோடு திரும்ப வேண்டும். பெரிய இரையென்றால் போய்வரும் நடை குறையும். நடை குறைந்தால் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க நேரம் கிடைக்கும்.

இப்படிப்பட்ட இரை கூட்டுக்குப் பக்கத்திலேயே ஏராளமாகக் கிடைக்கும் இடம், சரியான அளவு தண்ணீர் நிற்கும் கோரைச் சதுப்பு. இந்தச் செழிப்புத்தான் ஒரு தாய் தனியே குஞ்சு வளர்ப்பதைச் சாத்தியமாக்கியது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அவள் உழைப்பு உண்மையானது. ஆனால் அந்த உழைப்பு பலன் தருவது நிலம் செழிப்பாக இருப்பதனால். தண்ணீரை வடித்துவிட்டு, சிலந்தியும் புழுவும் இல்லாமல் செய்துவிட்டு, அதே தாயை அங்கே விட்டால் அவளுடைய ஐந்து குஞ்சுகளும் பிழைக்கப் போவதில்லை. அப்போது அவள் திறமை குறைந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையில் வராதவர்கள்

இன்னொரு விடயமும் என் கவனத்தை இழுத்தது. உலகில் இந்தக் குருவி எத்தனை இருக்கிறது என்று எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? மாலை நேரத்தில் சதுப்புக்குள் குறித்த பாதையில் நடந்து, பாட்டுச் சத்தத்தைக் கேட்டு, பாடும் ஆண்களை எண்ணுகிறார்கள். உலகம் முழுவதும் ஏறக்குறைய 10,000 முதல் 12,000 வரை பாடும் ஆண்கள் என்பது அண்மைக்கால மதிப்பீடு. பெண் குருவி பாடுவதில்லை. கோரைக்குள் குனிந்தபடி வேலை செய்துகொண்டிருக்கிறாள். ஆகவே எல்லா வேலையும் செய்கின்றவள் கணக்கில் வருவதில்லை.

இது பறவை ஆய்வாளர்களின் பிழை அல்ல. அந்தப் பறவையை எண்ணுவதற்கு வேறு இலகுவான வழி இல்லை. ஆனால் சமூகவியல் படித்த எனக்கு இதை வாசித்தபோது எமது படிவங்கள் நினைவுக்கு வந்தன. "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் காணாமல் போனவரின் பெயர் இருக்கும். "தொழில்" என்ற கட்டத்தில் மனைவிக்கு "வீட்டுப் பணி" என்று எழுதியிருக்கும். அவள் விடிய எழுந்து இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பதும், பகலில் கூலிக்குக் களை பிடுங்குவதும், இரவில் பாய் இழைப்பதும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. சத்தம் போடுகிறவரை எண்ணுவது இலகு. சத்தமின்றி வேலை செய்கிறவரை எண்ணுவதற்கு நாம்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

வடித்த நிலமும் கைவிட்ட நிலமும்

இந்தக் குருவி அருகிப்போனதற்கு முதற் காரணம் சதுப்புகளை வடித்தது. பெலாரஸ், உக்ரைன் எல்லையில் பொலேசியா என்ற பெரிய தாழ்நிலம் இருக்கிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில், குறிப்பாக 1960களிலும் 1970களிலும், அங்கே கால்வாய் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். பயிர்ச்செய்கைக்கு நிலம் வேண்டும் என்பது நோக்கம். அந்த மண்ணோ இறந்த செடிகள் முழுதாக உக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது கெடாது. காற்றுப் பட்டதும் உக்கத் தொடங்கும், நிலம் தாழ்ந்துபோகும், கோடையில் தீப்பற்றினால் மண்ணே எரியும். அப்படி வடித்த நிலங்கள் பலவற்றில் சில பத்து வருடங்களுக்குள் விளைச்சலும் குறைந்தது. குருவிக்கும் இல்லை, விவசாயிக்கும் இல்லை என்றாகிவிட்டது.

இரண்டாவது காரணம் பலர் எதிர்பாராதது. மனிதர் நிலத்தைக் கைவிட்டதாலும் குருவி போய்விட்டது. போலந்தின் பியேப்ஜா ஆற்றுச் சதுப்பில் முன்பு கிராமத்தவர்கள் கோடையில் இறங்கி, நீண்ட பிடி போட்ட பெரிய அரிவாளால் கோரையும் புல்லும் வெட்டுவார்கள். மாட்டுக்கு மாரிகாலத் தீவனம் அதுதான். வெட்டியதை அங்கேயே போராகக் குவித்து வைத்துவிட்டு, சதுப்பு உறைந்து பனிக்கட்டியான பின்பு குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வருடந்தோறும் நடந்த இந்த வெட்டுதான் பற்றைகள் வளராமல் வெளியைத் திறந்தபடி வைத்திருந்தது. கிராமத்தவர்கள் நகரங்களுக்கும் வேறு தொழில்களுக்கும் போனபின் வெட்ட ஆளில்லை. நாணலும் மரக்கன்றுகளும் மூடத் தொடங்கின. குருவி ஒதுங்கியது.

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் காணிக்குத் திரும்பிய எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆள் இல்லாத வளவு என்னவாகும் என்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். கத்தியும் மண்வெட்டியுமாகப் பற்றை வெட்டித்தான் வாசற்படியைக் கண்டுபிடித்தார்கள்.

இறகு சொன்ன முகவரி

ஆடி, ஆவணி மாதங்களில் குருவிகள் புறப்படுகின்றன. நேராகத் தெற்கே போவதில்லை. முதலில் மேற்கே பிரான்ஸின் அத்திலாந்திக் கரைக்கு வந்து, அங்குள்ள சதுப்புகளில் தங்கி, தும்பியும் தத்துவெட்டியும் சிலந்தியும் தின்று உடலில் கொழுப்புச் சேர்க்கின்றன. பின் ஸ்பெயின், மொரோக்கோ வழியாகச் சகாரா பாலைவனத்தின் தென் விளிம்புக்குப் போகின்றன. மொத்தம் ஐயாயிரம் ஆறாயிரம் கிலோமீற்றர் பயணம்.

குளிர்காலத்தில் இவை சரியாக எந்த இடத்தில் தங்குகின்றன என்பது நீண்ட காலம் தெரியாதிருந்தது. இறகுகள்தான் வழி காட்டின. இந்தக் குருவி ஆபிரிக்காவில் இருக்கும்போது பழைய இறகை உதிர்த்துப் புதியது வளர்க்கும். அந்த இறகு, அங்கு தின்ற உணவின் மூலம் அந்த மண்ணின் இரசாயன அடையாளத்தை எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் பிடித்த குருவிகளின் இறகுகளைச் சோதித்து, தேட வேண்டிய பிரதேசத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். 2007 ஆம் ஆண்டு ஆய்வுக் குழுவொன்று செனகல் நாட்டின் ஜூஜ் தேசியப் பூங்காவில் அவற்றைக் கண்டுபிடித்தது. பின்னர் சிறு பதிவுக் கருவி பொருத்திய ஆய்வுகளில், மாலி நாட்டில் நைஜர் ஆற்றின் உள்நாட்டு வெள்ளச் சமவெளிக்கும் ஒரு பகுதி போகிறது என்று தெரிந்தது.

ஜூஜ் பூங்கா 16,000 ஹெக்டேயர் பரப்பு. செனகல் ஆறு கடலோடு சேருமிடத்துக்குக் கிட்ட இருக்கிறது. 1981 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. அங்கே குருவி விரும்பும் இடங்களில் ஒன்று, ஆழமில்லாத வெள்ளத்தில் நிற்கும் காட்டு நெல். வெளி நாடும் வெப்பமும் வேறு. தேவை அதே: திறந்த புல்வெளி, அடியில் சிறிது தண்ணீர், தண்ணீரில் பூச்சி. 1986 இல் செனகல் ஆற்றில் டியாமா அணை கட்டி முடிக்கப்பட்ட பின்பு, இயற்கையாக வந்துபோன வெள்ளம் மாறிவிட்டது. இன்று பூங்காவுக்குள் தண்ணீர் வருவது மதகுகளைத் திறப்பவர்களின் கையில் இருக்கிறது. குளத்து வான்கதவை எப்போது திறப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் நடக்கும் வாதம் எமக்குப் புதிதல்ல. அங்கே அந்த முடிவில் குருவியின் பங்கும் சேர்ந்திருக்கிறது.

இரண்டு வீட்டிலும் போர்

இந்தக் குருவியின் இரண்டு வீடுகளையும் போர் தொட்டிருக்கிறது. மாலியில் 2012 இல் ஆயுத மோதல் தொடங்கியது. பின்னர் அது நைஜர் ஆற்றுச் சமவெளி அமைந்துள்ள மொப்தி பகுதிக்கும் பரவி, கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. பெலாரஸ் எல்லை ஊடாகவும் நுழைந்தன. அந்த எல்லையின் இரு பக்கமும் இந்தக் குருவி கூடு கட்டும் பொலேசியத் தாழ்நிலம்.

குருவிக்கு எல்லை தெரியாது என்று எழுதுவது இலகு. ஆனால் அதைப் பாதுகாக்கின்றவர்களுக்கு எல்லை நன்றாகத் தெரியும். 2003 ஆம் ஆண்டு பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில், இந்தப் பறவை கூடு கட்டும், கடந்து போகும், தங்கும் நாடுகள் சேர்ந்து அதனைப் பாதுகாப்பதற்கான இணக்கப்பாடு ஒன்றைச் செய்தன. 12 கிராம் பறவைக்காக அரசாங்கங்கள் ஒரு மேசையில் இருந்த காலம் அது. நாடுகள் பகைத்துக்கொண்டால் முதலில் தடைப்படுவது இப்படிப்பட்ட அமைதியான வேலைகள்தான். போர் என்றால் உயிரிழப்பும் அழிவும் மட்டுமே செய்தியில் வரும். மதகைப் பார்த்துக்கொண்டவர் இல்லாமல் போனது, புல் வெட்டியவர் ஊரை விட்டுப் போனது செய்தியில் வராது. ஆனால் அதன் விளைவு போர் முடிந்த பின்பும் நீளும். 2009 இற்குப் பின் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும்.

கைகொடுத்த வேலைகள்

நல்ல செய்திகளும் உண்டு. பெலாரஸில் இந்தக் குருவி மிகச் சிலவே இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். 1995 இல் போய்த் தேடியபோது, வடிக்கப்படாமல் தப்பிய ஸ்வானெட்ஸ் போன்ற சதுப்புகளில் ஆயிரக்கணக்கில் இருப்பது தெரியவந்தது. தேடாததால் இல்லை என்று எண்ணியிருந்தது, தேடியபோது இருந்தது.

பியேப்ஜா சதுப்பு 1993 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கையால் வெட்ட ஆளில்லாததால், பனிமலையில் ஓடும் அகலச் சங்கிலிச் சக்கர வாகனங்களை மாற்றியமைத்து, மண்ணை அமுக்காமல் கோரை வெட்டுகிறார்கள். குஞ்சுகள் பறந்த பின்பே வெட்ட வேண்டும், ஒரு பகுதியை வெட்டாமல் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு விவசாயிகளுக்குக் கொடுப்பனவும் உண்டு. வெட்டிய கோரையை அழுத்தி விறகுக் கட்டியாக்குகிறார்கள். விவசாயிக்கு வருமானம், குருவிக்கு வீடு.

2018 இல் லித்துவேனியாவில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பெலாரஸின் ஸ்வானெட்ஸ் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளைக் கொண்டுபோய், ஜுவின்தாஸ் என்ற இடத்தில் கையால் ஊட்டி வளர்த்தார்கள். ஒரு குழுவே மாறி மாறி நின்று பூச்சி ஊட்டியது. 49 குஞ்சுகள் வளர்ந்து விடுவிக்கப்பட்டன. அவை ஆபிரிக்காவுக்குப் போய், அடுத்த வருடம் அவற்றில் 11 அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. முதலாவது பெரும் பயணத்தில் பெரும்பாலான இளங்குருவிகள் இறந்துவிடும் என்பதால் இது மிக நல்ல பலன். அந்தக் குழுவுக்கு ஒரு தாயின் வேலை எவ்வளவு என்று நன்றாக விளங்கியிருக்கும்.

எமக்குரிய கேள்விகள்

சகோதரிகளே, குருவியின் கதையிலிருந்து மனிதருக்கு நேரடியாகப் பாடம் எடுக்கக்கூடாது. ஒரு பெண் தனியே குடும்பம் நடத்துவது பறவையின் வழக்கம் போல இயல்பாக வந்ததல்ல. எமது சகோதரிகளில் பலர் அதைத் தெரிவு செய்யவில்லை. கணவர் இறந்தோ, காணாமல் போயோ, விட்டுவிட்டுப் போயோ அது அவர்கள் தலையில் விழுந்தது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். அவர்கள் தாயை மட்டும் பார்க்காமல் அவள் நிற்கும் நிலத்தைப் பார்த்தார்கள். எத்தனை சென்ரிமீற்றர் தண்ணீர், எவ்வளவு இரை, எவ்வளவு நடை என்று அளந்தார்கள்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றையும் நீங்களும் அளந்து பாருங்கள். முதலாவது, தண்ணீர். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தரம்? இரண்டாவது, நிலம். குடியிருக்கும் காணிக்கு உறுதியோ அனுமதிப் பத்திரமோ இருக்கிறதா, இருந்தால் யார் பேரில்? மூன்றாவது, கணக்கில் வராத வேலை. விடியற்காலை முதல் படுக்கும் வரை ஒருத்தி செய்யும் வேலைகளை ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு மற்றவர் எழுதிக் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்கோ, உதவி நிறுவனத்துக்கோ மனுக் கொடுக்கும்போது இந்தக் கொப்பி பேசும். "கஷ்டப்படுகிறோம்" என்ற சொல்லை விட, "ஒரு நாளைக்கு நான்கு தரம், ஒவ்வொரு முறையும் முக்கால் மணித்தியாலம் தண்ணீருக்கு நடக்கிறோம்" என்ற கணக்குக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாராட்டு வரட்டும். அதன் பின்னால் கிணறும், காணி உறுதியும், உழைப்புக்கேற்ற கூலியும் வர வேண்டும்.

இந்த மாரிக்கு உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நாணலுக்குள்ளும் வேலியோரப் பற்றையிலும் மண்ணிறச் சிறு குருவி ஏதும் தெரிகிறதா என்று பிள்ளைகளோடு பாருங்கள். என்ன கண்டீர்கள், கொப்பியில் என்ன எழுதினீர்கள் என்பதை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். வரும் மாதங்களில் அவற்றைப் பற்றிக் கதைப்போம்.